எட்டாவது பாணி

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ‘கதவு’ என்ற சொல் மட்டும் வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். சுற்றியிருந்த சொற்கள் எல்லாம் அந்த நாட்குறிப்பை எழுதிய அம்மாளின் கையெழுத்துதான். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு ‘ழ’வின் வாலையும் அடுத்த எழுத்தின் மடியில் கொண்டுபோய் வைக்கிற கையெழுத்து. ‘கதவு’ மட்டும் சாயாமல் விறைப்பாக நின்றது. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியதுபோல் கோடுகள் தடித்திருந்தன. முப்பதாம் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் அப்படித்தான். பன்னிரண்டாம் பக்கத்திலும்.

பதினாறு வருஷமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள் அவள். விட்டுப்போன ஒரு மெய்ப்புள்ளியைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவாள் என்று பழைய அலுவலகத்தில் ‘புள்ளியக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அலுவலகத்தில் இப்போது அவள் இல்லை. மூன்று மாதம் கண் எரிய அவள் உருவாக்கிய அகராதியில் மருமகன் பெயரைப் போட்டுக்கொண்ட முதலாளியின் மேசையில் சாவியை வைத்துவிட்டு வந்து இருபது நாள் ஆகிறது. இது அவள் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை.

வேலை கொடுத்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர். இறந்துபோன மனைவியின் நாட்குறிப்பை உறவுக்காரர்களுக்குக் கொடுக்க நூறு பிரதி அச்சிட வேண்டும். அதுவும் மனைவியின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். அதற்காக அவளுடைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் அளந்து, வரைந்து, அவரே ஓர் எழுத்துரு செய்திருந்தார். முதல் நாள் அதைத் திரையில் பார்த்ததும் புள்ளியக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது. எத்தனையோ கையெழுத்து எழுத்துருக்களைப் பார்த்திருக்கிறாள்; எல்லாவற்றிலும் ஒரே ‘க’ திரும்பத் திரும்ப வந்து பல்லிளிக்கும். இதில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று நான்கு வடிவங்கள். முன்னே பின்னே என்ன எழுத்து வருகிறதென்று பார்த்து அதுவே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும்.

“ஃபாண்ட் மட்டும் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதும்மா,” என்று சொல்லியிருந்தார். “அது அவ கை. நீங்க இங்கயே வந்து பண்ணிக் குடுங்க. ஃபோனைக் கூட ஹால்ல வச்சிட்டுப் போனீங்கன்னா எனக்கு மனசு நிம்மதியா இருக்கும்.”

அது அவளுக்குச் சங்கடமாகப் படவில்லை. செத்துப்போன பெண்டாட்டியின் கையெழுத்தை இப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் மனுஷனும் உலகத்தில் இருக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

இன்று நான்காவது நாள். பின்பக்கத்து அறை. ஜன்னல் இருந்த இடத்தை ஓர் இரும்பு அலமாரி அடைத்துக்கொண்டிருந்தது. கூரையை ஒட்டி ஒரு கையகலக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் சுவரில் ஒரு சின்னச் சதுரமாக விழுந்து, மணி ஆக ஆகக் கீழே நழுவிக்கொண்டிருக்கும். பினாயில் வாடையும் காய்ந்துபோன கோந்தின் வாடையும் கலந்து கிடந்தன. கணினியின் விசிறி, எப்போதாவது ‘கீச்’ என்று ஒரு முறை கத்தி அடங்கும் பேட்டரிப் பெட்டி, பக்கத்து அறையில் பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம், பளபளத்த தரையில் சர்வேயரின் ரப்பர்ச் செருப்பு, இவை தவிர வேறு சத்தமே இல்லாத வீடு. அறைக் கதவு ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. உள்ளேயிருந்து இழுத்தால் வராது. வெளியே போக வேண்டுமென்றால் “சார்!” என்று கூப்பிட வேண்டும், அவர் வந்து தோளால் ஒரு முட்டு முட்டித் திறந்துவிடுவார். முதல் நாள் இரண்டு பேரும் அதற்குச் சிரித்தார்கள்.

பதினொரு மணிக்கு டீ கொண்டுவந்தார்.

“சார், இந்த ‘கதவு’ மட்டும் வேற மாதிரி இருக்கே. மூணு எழுத்தையும் சேர்த்து ஒரே வடிவமா வச்சிருக்கீங்களா?”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். டம்ளரைத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்த விரல்கள் கோடு போட்டதுபோல் ஒரே வரிசையில் இருந்தன.

“கண்ணு உங்களுக்கு,” என்றார் மெச்சுதலாக. “ஆமாம்மா. லிகேச்சர். அந்த வார்த்தைய அவங்க நிறைய தடவ எழுதினாங்க. எழுதி எழுதி நல்லாப் படிஞ்சு வந்துடுச்சு. பிரிக்க மனசு வரல.”

“மத்ததோட ஒட்டல சார். அதை ஆஃப் பண்ணிடட்டுமா?”

“வேணாம். எந்தெந்தப் பாணி போடணும்னு கார்டுல எழுதிக் குடுத்திருக்கேன்ல, ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும். அதைத் தாண்டித் தொடாதீங்க. மத்ததெல்லாம் அரைகுறையா கிடக்கு.” போகிறபோது திரும்பினார். “அப்புறம், இன்னிக்கு புரூஃப்ல திருத்தத்தை நேரா கம்ப்யூட்டர்ல போட்டுட்டீங்க போல. தாள்லயே பென்சில்ல போடுங்கம்மா. நான் சரிபார்த்துக்கறேன். இன்னும் பத்துப் பக்கம்தான்.”

கதவு ‘தொப்’பென்று சாத்திக்கொண்டது.

டீயில் சர்க்கரை அதிகம். பாதி குடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு நாளாக அவர் மனைவியை ‘அவ’ என்றுதான் சொல்லிவந்தார். ‘அவ வந்தா’, ‘அவ எழுதினா’, ‘அவ கை’. இப்போது, இந்த ஒரு சொல்லுக்கு மட்டும், ‘அவங்க’ என்றார்.

வாய் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். புரூஃப் தாளை எடுத்துப் பென்சிலைக் கூர்சீவினாள். எழுபதாம் பக்கம். ‘சொகரியம்’ என்றிருந்தது. ஓரத்தில் ‘சௌ’ என்று எழுதப் பென்சிலை வைத்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் மட்டும் பிழைகள் பதினொன்று. ‘கைரவம்’. ‘மொனம்’. ‘பௌர்ணமி’ சரியாக இருக்க, ‘பொத்தம்’ தப்பாக இருந்தது. ‘ஞாயிறு’ ‘நாயிறு’ ஆகியிருந்தது. முதல் நாள் பிழைகள் சாதாரணமானவை. ‘க’வும் ‘த’வும் ‘ம’வும்தான். இரண்டாம் நாள் ‘ழ’வும் ‘ற’வும். இன்று, யாரும் அடிக்கடி எழுதாத எழுத்துகள். பிழை என்றால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும். கைக்கு ஒரு பழக்கம் இருப்பதுபோல் பிழைக்கும் ஒரு பழக்கம் உண்டு. இதில் ஒரு பிழைகூட இரண்டாம் முறை வரவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவள் பயன்படுத்திய மென்பொருளில் பக்கத்தைக் கையால் இழுத்துப் பிடித்து அடுக்குவதில்லை, எல்லாம் கட்டளைகள்தான். கோப்பின் தலையில் ஒரு வரி. எந்த எழுத்துரு, என்ன அளவு, அதன் வசதிகளில் எவை வேண்டும், எவை வேண்டாம். சர்வேயரின் கார்டில் இருந்தபடி நான்கு பாணிகளை அந்த வரியில் போட்டிருந்தாள். ஒன்று, சாதாரண வடிவம். இரண்டு, அந்த அம்மாள் சின்ன வயதில் பழகிய, தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யும் ‘னை’யும். மூன்று, இடத்துக்கு ஏற்ப மாறும் வடிவங்கள். நான்கு, எண்கள். எழுத்துருவுக்குள் வேறென்ன இருக்கிறதென்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. அதை இதுவரை அவள் கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

பட்டியல் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அறுநூறு வடிவங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இரண்டாயிரத்து முந்நூறு இருந்தன. கடைசியில் பாணிகளின் பெயர்கள்:

ஒன்று முதல் நான்கு வரை, ‘வீடு’. ஐந்து, ‘டீச்சர்’. ஆறு, ‘நர்ஸ்’. ஏழு, ‘தையல்’. எட்டு, ‘டைப்செட்டர்’.

பிரிண்டர் சத்தம் நின்றிருந்தது. சுவரில் வெயில் சதுரம் அலமாரியின் கைப்பிடிவரை இறங்கியிருந்தது.

அவள் ஐந்தைப் போட்டுப் பக்கத்தை ஓட்டினாள். அந்த அம்மாளின் நாட்குறிப்பு அப்படியே இன்னொரு கைக்கு மாறியது. உருண்டையாக, கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்துகளெல்லாம் ஒரே உயரம். அழகாகத்தான் இருந்தது. ஐந்தை எடுத்துவிட்டு ஆறைப் போட்டாள். விறைப்பான, அழுத்தமான, நோயாளியின் தலைமாட்டு அட்டையில் எழுதுகிற கை. ‘கதவு’ இப்போது மற்ற சொற்களோடு பொருந்திப்போனது. இந்தக் கையின் சொல்தான் அது.

அந்தக் கைக்கும் ஒவ்வோர் எழுத்திலும் மூன்று வடிவங்கள். பெயர்களைப் படித்தாள். ‘க.முதல்’. ‘க.நடு’. ‘க.கடைசி’. எல்லா எழுத்துக்கும் அப்படியே. ‘முதல்’ வடிவங்களை மட்டும் போட்டாள். பக்கம் நிமிர்ந்து நின்றது. ‘நடு’வைப் போட்டாள், வரிகள் கீழ்நோக்கிச் சரிந்தன. ‘கடைசி’யைப் போட்டுவிட்டு, திரையிலிருந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். எழுத்துகள் நடுங்கின. சில கோடுகள் பாதியில் விட்டுப்போயிருந்தன. புள்ளிகள், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் புள்ளிகள், தாளைக் குத்திக் கிழித்த ஓட்டைகளாக இருந்தன. அந்த ஓட்டைகளின் பிசிறைக்கூட சர்வேயர் விடாமல் அளந்து வரைந்திருந்தார்.

தையல்காரியின் ‘கடைசி’யை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

எட்டு.

விரல் விசைமேல் வெகுநேரம் இருந்தது. அழுத்தினாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கம் முழுக்க எழுத்துகள். இடையிடையே, எழுத்துருவில் வடிவம் இல்லாத இடங்களில் வரும் வெற்றுப் பெட்டிகள். சின்னச் சின்ன காலிப் பெட்டிகள். எழுத்துகள் சிறிதாக, நெருக்கமாக, இடப்பக்கம் ஓரத்தை ஒட்டினாற்போல் இருந்தன, ஏதோ தாளின் விளிம்பில் எழுதிப் பழகிய கை போல. ‘ழ’வின் வால் பாதியில் ஒடிந்திருந்தது. ‘ற’வுக்கு மேல் தேவையில்லாத ஒரு கொக்கி.

அந்தக் கொக்கிக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறாள்.

அவளுடைய கை.

மூன்று நாள் திருத்தங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒவ்வோர் எழுத்தும். மாலை தோறும் ‘நான் பத்திரமா எடுத்து வைக்கிறேன்மா’ என்று அவர் வாங்கிக்கொண்டுபோன தாள்கள். வடிவங்களின் பெயர்களைப் பார்த்தாள். எல்லாம் ‘முதல்’. ‘முதல்’ மட்டும். ‘நடு’ இல்லை. ‘கடைசி’ இல்லை.

இன்னும் இல்லை.

எழுத்துரு இருந்த கோப்புறையைத் திறந்தாள். கை தானாக வேலை செய்தது. மற்றபடி உடம்பில் எதுவும் அசையவில்லை. உள்ளே நான்கு சின்னக் கோப்புகள். ‘டீச்சர் கடிதம்’. ‘நர்ஸ் கடிதம்’. ‘தையல் கடிதம்’. ‘டைப்செட்டர் கடிதம்’.

நர்ஸின் கடிதம் அவள் அம்மாவுக்கு. ‘எனக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. அழ வேண்டாம்.’ தேதி ஆறு வருஷத்துக்கு முந்தையது. டீச்சரின் கடிதம் புருஷனுக்கு. ‘என்னைத் தேடாதீர்கள். நான் இஷ்டப்பட்டுத்தான் வந்தேன்.’

கடைசிக் கோப்பைத் திறந்தாள்.

‘தங்கச்சி, நான் □க்கியம். எங்காவது கண்காணாத இடத்துக்குப் போகலாம் என்று இருந்தேன் அல்லவா, வந்துவிட்டேன். கொஞ்ச நாள் தனியாக இருக்க விடு. தேட வேண்டாம். அக்கா.’

அவளும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கு இரவு வேலை. ஒருத்தி வரும்போது இன்னொருத்தி போவாள். பேச்செல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் சீட்டுகளில்தான். இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது அவளே இதைச் சிரித்துக்கொண்டு சர்வேயரிடம் சொன்னாள். “என் கையெழுத்து இல்லாம என்னையே நம்ப மாட்டா சார் அவ.” கண்காணாத இடத்துக்குப் போய்விடலாம் போலிருக்கிறது என்று சொன்னதும் அன்றைக்குத்தான். முதலாளியை நினைத்துச் சொன்னது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்தாள். கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். உப்பிய மரம் கொஞ்சம் முனகியது. பிறகு இரும்பில் போய் இடித்து நின்றது. ஈரம் இல்லை. தாழ்ப்பாள். நான்கு நாளும் தாழ்ப்பாள்தான். அவர் தோளால் முட்டியதெல்லாம் நடிப்பு.

“சார்!”

ரப்பர்ச் செருப்பு வந்தது. நிதானமாக வந்தது.

“சொல்லுங்கம்மா.”

“கதவத் திறங்க. வயித்த வலிக்குது. நான் வீட்டுக்குப் போகணும்.”

அவர் மூச்சு விடுவது கேட்டது.

“எட்டைப் பார்த்துட்டீங்களா?” என்றார். கோபமே இல்லை. புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்பதுபோல் ஒரு சின்ன ஆவல். “எப்படி வந்திருக்கு? ‘ற’ சரியா வந்திருக்கா? அந்தக் கொக்கிக்கே எனக்கு அரை நாள் ஆச்சு.”

“என் தங்கச்சி தேடி வருவா! போலீஸோட வருவா!”

“அதுக்குத்தாம்மா கடிதம்.”

“நான் இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன்.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க,” என்றார். “அவசரமில்ல. புரூஃபைப் பாருங்க. ‘சௌ’ ஒண்ணுதான் இப்போதைக்கு வேணும்.”

செருப்புச் சத்தம் தள்ளிப்போனது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியும்வரை கத்தினாள். அலமாரியைத் தள்ளிப் பார்த்தாள்; தரையோடு திருகி வைத்திருந்தது. நாற்காலிமேல் ஏறி அந்தக் கையகலக் கண்ணாடியை உடைத்தாள். வெளியே இன்னொரு சுவர். ஒரு முழ இடைவெளியில், வெள்ளையடிக்காத, சன்னமாகப் பாசி பிடித்த சுவர். எங்கேயோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பட்டப்பகல். கடைகள் திறந்திருக்கும். ஆட்கள் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இறங்கினாள். புரூஃப் தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்தாள். பென்சில்களை ஒவ்வொன்றாக ஒடித்தாள். பேனாவை மிதித்து உடைத்தாள். எழுத்துருவைத் திறந்து எட்டாவது பாணியில் இருந்த தன் எழுத்துகளையெல்லாம் அழித்தாள். அ. அழி. ஆ. அழி. அவரிடம் வேறு பிரதி இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் அழித்தாள். ஒன்றே ஒன்று அவள் கையில் இருந்தது. அந்த ஒற்றைப் பெட்டி. ஓட்டை விழுந்த கடிதத்தை யாரும் அனுப்ப முடியாது. ‘சௌ’ அவளிடம் இருந்தது. விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். எத்தனை நாள் ஆனாலும் சரி. பசித்தாலும் சரி. எழுத மாட்டாள். நாளைக் காலை தங்கை வீட்டுக்கு வருவாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சீட்டு இருக்காது. உடனே தேட ஆரம்பிப்பாள்.

வெயில் சதுரம் தரைக்கு வந்து மறைந்தது. அறை மெல்ல இருட்டியது.

பக்கத்து அறையில் பிரிண்டர் ஒரே ஒரு தாளை இழுத்தது.

செருப்பு. நின்றது. கதவின் அடியில் ஒரு தாள் சரசரவென்று உள்ளே வந்தது. மங்கிய நீலத்தில், பேனாவால் எழுதியது போலவே.

“வேற வார்த்தை போட்டுட்டேம்மா,” என்றார் வெளியிலிருந்து. “ஒரு தடவ பார்த்துச் சொல்லுங்க. பிழை ஏதும் இருக்கா?”

அவள் தாளைத் தொடவில்லை. தொடாமலே படிக்க முடிந்தது. தன் கையெழுத்தைப் படிக்க யாருக்கு வெளிச்சம் வேண்டும்?

‘தங்கச்சி, நான் நலம்.’

கீழே வரிசையாக, நெருக்கமாக, ஒடிந்த வாலும் கொக்கியுமாக, அவளே எழுதியிருந்தாள். ஒரு பெட்டிகூட இல்லை. ஒரு புள்ளி விட்டுப்போகவில்லை. அவள் கண்கள், அவளைக் கேட்காமல், வரி வரியாக, எழுத்து எழுத்தாக மேய்ந்தன. மறுபடி மேலிருந்து மேய்ந்தன.

பிழையே இல்லை.

கதவின் அடியில் இரண்டு கால்களின் நிழல் அசையாமல் நின்று, அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.